கண்டறியப்படாதவற்றுக்கு ஒரு நன்றிக் கடிதம்

அனுப்புநர்: கேன் தண்ணீரைக் குடித்து, குழாய்த் தண்ணீரில் சோறாக்கும் மனுதாரர்.

பெறுநர்: மாண்பமை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தார், மானக் பவன், புது டெல்லி.

பொருள்: குடிநீர் – பூச்சிக்கொல்லி எச்சம் – தேடாமலே இல்லாமல் ஆக்கியமை – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: ஐ.எஸ். 14543 (பாட்டில் நீர்) மற்றும் ஐ.எஸ். 10500 (குழாய் நீர்).

அமைவனத்தார் சமூகத்துக்கு மனுதாரர் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது:

2001 மார்ச் 29 முதல் பாட்டில் குடிநீருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று ஆனபோது இந்த நாட்டில் தாகத்துக்கே ஒரு கௌரவம் வந்தது. மூடியைத் திருகும் முன் முத்திரையைத் தேடும் பழக்கம் மனுதாரருக்கும் அப்போது தொற்றியதுதான். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். எண், கீழே சி.எம்./எல் என்று தொடங்கும் உரிம எண். இரண்டும் இருந்தால் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளலாம்.

பூச்சிக்கொல்லி பற்றி அன்றைய தரநிலை சொன்னது சுருக்கமான ஒரு வாசகம். எச்சம் 'கண்டறியக்கூடிய அளவுக்குக் கீழே' இருக்க வேண்டும். எண் கிடையாது. எந்த முறையில் சோதிப்பது என்பதையும் அமைவனத்தாரே குறித்துக் கொடுத்தார்கள். நுண்ணிய அளவுகளைக் காட்டிக்கொடுக்கும் கெட்ட பழக்கம் அந்த முறைக்கு இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு கல் பொறுக்கினால் எந்த அரிசியும் சுத்தமான அரிசிதான். இத்தனை சிக்கனமாக ஒரு நாட்டின் தண்ணீரைத் தூய்மைப்படுத்தியவர்கள் வேறு யாரும் இருப்பதாக மனுதாரர் அறியவில்லை.

இந்த நிம்மதியைக் கெடுத்தது டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம். சுனிதா நாராயண் தலைமையில் இருந்த அந்த அமைப்பு, டெல்லியில் 17, மும்பையில் 13 என்று பாட்டில் நீர் பிராண்டுகளை வாங்கிப் போய் கேஸ் குரோமட்டோகிராப் கருவியில் ஏற்றிப் பார்த்து, 2003 பிப்ரவரியில் முடிவை வெளியிட்டது. அகப்பட்ட பூச்சிக்கொல்லிகள்: லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ். இவற்றில் டி.டி.டி.யை விவசாயத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1989இலேயே தடை வந்துவிட்டது. தடை உத்தரவு நிலத்தடி நீருக்குச் சார்வு செய்யப்படவில்லை போலும்.

உள்ளே எப்படி வந்தது என்று அமைவனத்தார் வியக்கலாம். ஏதாவது ஒரு வயலோரம் பத்து நிமிடம் நின்றால் போதும். மருந்து அடித்து முடித்தவர் முதுகிலிருந்து டேங்கை இறக்கி வாய்க்காலில் அலசுவார். மூடியில் ஒட்டியிருந்ததையும் முக்கி எடுப்பார். தண்ணீர் பால் போல வெளுத்து, கொஞ்ச தூரம் ஓடி, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தெளிந்துவிடும். இலையில் ஒட்டாமல் மண்ணில் விழுந்ததை அடுத்த மழை கவனித்துக்கொள்ளும். பாட்டில் ஆலைகளில் பெரும்பாலானவை உறிஞ்சுவது நிலத்தடி நீரைத்தான். கரி வடிகட்டியும் ஆர்.ஓ.வும் ஒழுங்காக வேலை செய்தால் இவை பெருமளவு நின்றுவிடும். ஆனால் எண்ணே இல்லாத விதிக்காக வடிகட்டியை அடிக்கடி மாற்றிச் செலவு செய்ய எந்த முதலாளிக்கும் பைத்தியம் இல்லை.

அமைவனத்தார் சும்மா இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதே ஆண்டில் புது விதி வந்து, 2004 ஜனவரி 1 முதல் நடைமுறையானது. ஒரு பூச்சிக்கொல்லி லிட்டருக்கு 0.0001 மில்லிகிராம், எல்லாம் சேர்ந்தால் 0.0005. ஐரோப்பாவின் அளவு அது. 1980இல் ஐரோப்பியர்கள் அந்த எண்ணுக்கு வந்ததும் ஏறக்குறைய இதே 'கண்டறிய இயலாத' வழியில்தான். அவர்கள் அன்றைக்குக் கிடைத்த நல்ல கருவியை முதலில் வாங்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

நடுவில் கோலா கூத்து. 2003 ஆகஸ்டில் அதே மையம் 12 குளிர்பானங்களைச் சோதித்து அதே பெயர்களைப் படித்தது. நாடாளுமன்ற உணவகத்தில் கோலா நிறுத்தப்பட்டது. சரத் பவார் தலைமையில் கூட்டுக்குழு அமைந்து, 2004 பிப்ரவரியில் மையம் சொன்னது சரிதான் என்று அறிக்கை தந்தது. அந்த ஆண்டு சத்தீஸ்கரில் சில விவசாயிகள் நெல்லுக்குக் கோலாவையே தெளித்ததாகச் செய்தி வந்தது. பூச்சி செத்ததா, சர்க்கரைக்கு எறும்பு வந்து பூச்சியைத் தின்றதா என்று ஒரு வாதமும் நடந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் உணவகத்தில் பானத்தைத்தான் நிறுத்தினார்கள். தண்ணீரை நிறுத்தியதாகத் தகவல் இல்லை.

இனி மனுவின் உயிர்நாடி.

பாட்டிலுக்கு எழுதிய கையால் அமைவனத்தார் குழாய் நீருக்கும் எழுதியிருக்கிறார்கள். ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் மாலத்தியானுக்கு அனுமதி, லிட்டருக்கு 190 மைக்ரோகிராம். பாட்டிலிலோ 0.1 மைக்ரோகிராம். மனுதாரர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்ததில் 1,900 மடங்கு வந்தது. மறுபடியும் தட்டினார், மாறவில்லை. குளோர்பைரிபாஸ் 30 மைக்ரோகிராம், அதாவது 300 மடங்கு. லிண்டேன் 2, வெறும் 20 மடங்கு. குழாயடியில் குடம் வைத்து நிற்பவரின் கல்லீரல் இவ்வளவு பலசாலி என்று உலகத்துக்கு அறிவித்ததற்கு ஏழை மக்கள் சார்பில் தனி நன்றி.

அமைவனத்தாரின் நிபுணர்கள் இதற்கு விளக்கம் வைத்திருப்பார்கள். 190 என்பது ஒரு மனிதர் ஆயுள் முழுக்கக் குடித்தாலும் தாங்குவார் என்ற நச்சியல் கணக்கு, 0.1 என்பது தண்ணீரில் பூச்சிக்கொல்லிக்கு வேலையே இல்லை என்ற முன்னெச்சரிக்கை. இரண்டுமே நியாயமான கணக்குகள்தான், மறுக்க முடியாது. முன்னெச்சரிக்கை காசு கொடுத்து வாங்குபவருக்கும், தாங்கும் சக்தி வரிசையில் நிற்பவருக்கும் என்று பிரித்த கை எது என்பதுதான் மனுதாரருக்குப் புரியாத இடம். போதாததற்கு, குழாய் நீர் வழங்கும் நகராட்சிகள் அந்த 10500ஐக் கடைப்பிடித்தாலும் சரி, விட்டாலும் சரி. கட்டாயம் இல்லை. 2019 நவம்பரில் அமைவனத்தார் டெல்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும் குழாய் நீரைச் சோதித்தபோது மும்பை மட்டும் முழுமையாகத் தேறியது. சென்னை தேறவில்லை. அபராதம் கட்டியவர் யாரும் இல்லை.

2024 அக்டோபரில் பாட்டில் நீருக்கான முத்திரைக் கட்டாயமும் நீங்கியது. அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாட்டில் நீரை 'அதிக ஆபத்துள்ள உணவு' வகையில் சேர்த்தது. ஒரு பக்கம் காவலாளியை அனுப்பிவிட்டு மறுபக்கம் 'திருடர் ஜாக்கிரதை' பலகை மாட்டியது மனுதாரருக்குச் சற்றுக் குழப்பம் தருகிறது.

ஆகவே பின்வரும் ஐயத்துக்குத் தெளிவுரை கோரப்படுகிறது. மனுதாரர் வீட்டில் குடிப்பது கேன் தண்ணீர், உலை வைப்பது குழாய்த் தண்ணீர். ரசத்துக்கு எந்த வரம்பு பொருந்தும்? கஞ்சியை வடிக்காமல் குடித்தால் அது குடிநீரா, உணவா? விருந்தாளிக்குக் கேனிலிருந்து மோர் கரைத்து, வேலைக்காரம்மாவுக்குக் குழாயிலிருந்து கரைத்தால் அது தரநிலைக்கு உட்பட்ட செயலா?

இப்படிக்கு,
மனுதாரர்.

நகல்:
1. நகராட்சி ஆணையருக்கு, கட்டாயமில்லை என்ற குறிப்புடன்.
2. திரு. மாலத்தியானுக்கு, பாட்டிலுக்குள் நுழையும்போது 1,900 மடங்கு அடக்கத்துடன் நடந்துகொள்ளவும், குழாயில் வழக்கம்போல் இருக்கவும் தக்க நடவடிக்கைக்காக.