ஆணி தேடாத மாப்ளே

கார்வாருக்குக் கப்பல் பாக்கக் கெளம்பிட்டியாமே மாப்ளே! சாத்தூருக்குப் பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போனப்ப, வெயிலு சாஸ்தின்னு காரை விட்டு எறங்காதவன் நீ. அந்தக் கப்பலுக்குக் கௌண்டின்யான்னு பேரு. யாரு தெரியுமா? கடல் தாண்டிக் கம்போடியாப் பக்கம் போயி, சோமாங்கிற ராஜகுமாரியையே கட்டிக்கிட்டவன்னு கதை. பேரைக் கேட்டு வெக்கப்பட்டுத் திரும்பிராத; டிக்கெட் காசு போச்சேன்னு எந்தங்கச்சி என்னையத்தான் வைவா.

அது கடற்படைக் கப்பலு, 2025 மே 21-ல சேத்தது. நெனச்ச நேரம் ஏற விடமாட்டான். விடுற நாளா விசாரிச்சுப் போ.

ஏறுனதும் இஞ்சின் தேடுவ. கெடையாது. சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போட்டோ எடுக்கப் பாப்ப. அதுவும் இல்ல, பின்னாடி நீளத் துடுப்பா இருக்கும், அதுதான் சுக்கான். சரி, ஆணியாவது இருக்கான்னு குனிவ. பலகையோட பலகையைச் சேத்துத் தேங்கா நார்க் கயித்தால தச்சு, பிசின் பூசியிருக்காங்கப்பா. கேரளத்து மேஸ்திரி பாபு சங்கரனும் அவரு ஆளுகளும் கோவாவுல கட்டுனது. "கயிறு தாங்குமா"ன்னு மட்டும் அங்க கேட்டு மானத்தை வாங்காத. அணுகுண்டு வெடிக்குச் சணல் சுத்துற ஊர்ல பொறந்தவன் கேக்குற கேள்வியா அது? நாம வெடிக்கிறதுக்கு இறுக்குறோம், அவங்க விரிசல் விடாம இருக்க இறுக்கியிருக்காங்க. தச்ச கப்பலு அலை மோதுனா விறைச்சு நிக்காது, கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும்.

இதுக்குப் பழைய வரைபடம்னு ஒண்ணும் கெடையாது. அஜந்தாச் சுவத்துல 5-ஆம் நூற்றாண்டுல எவனோ தீட்டுன படந்தான் ஆதாரம். நீளம் அகலம் எதுவும் அதுல எழுதியிருக்காது. கட்டப்போறது தண்ணியில எப்பிடிப் போகும்னு மெட்ராஸ் ஐஐடிக்காரங்க மாதிரிக் கப்பல் செஞ்சு சோதிச்சுப் பாத்தாங்க. "அன்னைக்கு இருந்தது அச்சு அசலா இதேதான்"னு எவனாவது அளந்தா, காலண்டர் அடிக்கிற ஊர்க்காரன் நீ, படத்துக்காரன் எவ்வளவு சேப்பான்னு உனக்குத் தெரியாதா? உள்ளுக்குள்ள சிரிச்சுக்க. வாயைத் தொறந்து கேலி பண்ணிராத. அந்தக் கப்பலு 2025 டிசம்பர் 29-ல போர்பந்தர்ல பாய் விரிச்சு, 2026 ஜனவரி 14-ல மஸ்கட்டு போய்ச் சேந்துருச்சு. நீ இன்னும் சாத்தூர் தாண்டல.

இன்னொண்ணு. மரம், நாரு, பிசின்னு மொத்தமும் பத்திக்கிற சாமான். வாசல்ல நிக்கிறவன் எந்த ஊருன்னு கேட்டா விருதுநகர்னு சொல்லு. சிவகாசின்னு வாய் தவறிட்டன்னா, உன்னையக் கரையிலயே நிக்க வச்சுக் கப்பலைக் காட்டி அனுப்பிருவான்.