முதலில் எழுவது வீட்டுக்காரர்

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டுக்குக் கரண்ட் கொடுத்ததும் திரையில் வானவில் நிறத்தில் ஒரு சதுரம் வந்து போகும். புதிதாக வாங்கிய ஆசாமி, லினக்ஸ் வந்துவிட்டது என்று நிமிர்ந்து உட்காருவார். அது லினக்ஸ் இல்லை. லினக்ஸை ஓட்ட வேண்டிய ஆர்ம் பிராசசர் அந்த நேரத்தில் கண்ணையே திறந்திருக்காது. விழித்திருப்பது வீடியோகோர் என்ற கிராபிக்ஸ் சிப். எஸ்டி கார்டைப் படிப்பது, கான்ஃபிக் கோப்பைப் புரட்டுவது, கடைசியில் பிராசசரைத் தட்டி எழுப்புவது எல்லாமே அதன் பொறுப்பு. முதல் மாடலிலிருந்து நான்காவது மாடல் வரை இதுதான் நடைமுறை.

2012 பிப்ரவரி 29-ல் 35 டாலருக்கு வெளிவந்த முதல் பையில் இருந்த பிராட்காம் பிசிஎம்2835, வீடியோவுக்காகவே பிறந்த சிப். வீடியோகோர்தான் அதன் வீட்டுக்காரர். 700 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம், பின்கட்டில் ஒரு அறையில் குடிவைக்கப்பட்டவர். இருந்த 256 எம்பி மெமரியில் தனக்கு வேண்டியதை வீட்டுக்காரர் முதலில் எடுத்துக்கொள்வார். மிச்சத்தில் குடித்தனக்காரர் லினக்ஸ், டெஸ்க்டாப், பிரவுசர் என்று குடும்பத்தையே நடத்த வேண்டும்.

அதனால்தான் அந்தக் காலத்துப் பை ஒரு விநோதப் பிராணியாக இருந்தது. முழு எச்டி சினிமாவை முகம் சுளிக்காமல் ஓட்டும். ஆனால் டெஸ்க்டாப்பில் ஒரு சாளரத்தைப் பிடித்து இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுத்தால், அது யோசித்து யோசித்து நகரும். சினிமா வீட்டுக்காரரின் இலாகா; சாளரம் குடித்தனக்காரருடையது. அவ்வளவு பெரிய சிப் பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருக்க, ஆர்ம் தனியாளாக ஒவ்வொரு புள்ளியாக வரைந்துகொண்டிருந்தது.

சினிமாவிலும் ஒரு கணக்கு இருந்தது. எம்பெக்-2 வகை வீடியோவைச் சிப்பே பிரித்துக் காட்ட வேண்டுமானால் 2.40 பவுண்டு கொடுத்து உரிமம் வாங்க வேண்டியிருந்தது. போர்டின் சீரியல் எண்ணைச் சொன்னால் ஒரு சாவி வரும். அதை கான்ஃபிக் கோப்பில் எழுதினால் பழைய டிவிடிக்கு உயிர் வரும். சொந்தக் காசில் வாங்கிய பொருளுக்குள் இருக்கும் ஒரு திறமையைத் தனிக் காசு கொடுத்துத் திறப்பது பலருக்குப் புதிய அனுபவம். உரிமக் கட்டணத்தை எல்லார் தலையிலும் கட்டாமல் வேண்டியவர்களிடம் மட்டும் வாங்கியது நியாயம்தான் என்பது இதை எழுதுகிறவரின் கட்சி. 35 டாலர் பொருளில் ஒவ்வொரு டாலரும் பெரிய மனிதர்.

2012 அக்டோபரில், ஆர்ம் பக்கத்து கிராபிக்ஸ் டிரைவர் முழுவதையும் திறந்த மூலமாக வெளியிட்டுவிட்டதாக அறிவிப்பு வந்தது. கைதட்டல் அடங்குவதற்குள் லினக்ஸ் கெர்னலின் கிராபிக்ஸ் பகுதியைப் பராமரித்துவந்த டேவ் ஏர்லி அந்தக் கோடைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். குடித்தனக்காரரின் விண்ணப்பத்தை வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதைத் தவிர அந்தக் கோடு வேறு எதுவும் செய்யவில்லை. படம் வரையும் சூட்சுமம் முழுக்க, பூட்டிய ஃபர்ம்வேருக்குள்ளேயே பத்திரமாக இருந்தது.

நிஜமான திருப்பம் 2014-ல். பையின் இரண்டாவது பிறந்தநாளை ஒட்டி, பிப்ரவரி 28 அன்று பிராட்காம் வீடியோகோர் 4-இன் முப்பரிமாணப் பகுதிக்கான ஆவணங்களை வெளியிட்டது. கூடவே ஒரு செல்போன் சிப்புக்கான டிரைவர் மூலக்கோடும் வந்தது. அதைப் பைக்கு ஏற்றபடி மாற்றி, ‘குவேக் 3’ விளையாட்டை ஆடத்தக்க வேகத்தில் முதலில் ஓட்டிக் காட்டுபவருக்குப் பத்தாயிரம் டாலர் பரிசு என்றது ராஸ்பெர்ரி பை அமைப்பு. சைமன் ஹால் என்பவர் சீக்கிரமே ஓட்டிக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டார். ஒரு சிப்பின் மௌனத்தைக் கலைக்கத் துப்பாக்கி சுடும் விளையாட்டு ஒன்று தேவைப்பட்டது என்று வரலாறு பதிவு செய்துகொள்ளட்டும்.

அதே ஆண்டு எரிக் ஆன்ஹோல்ட் இன்டெலை விட்டு பிராட்காமுக்கு வந்து, விசி4 என்ற டிரைவரை அடியிலிருந்து எழுதத் தொடங்கினார். 2016-ல் அது சோதனை வடிவில், பையின் ஓஎஸ்ஸான ராஸ்பியனுக்குள் வந்தது. அதாவது, பையின் டெஸ்க்டாப்புக்கு அதன் சொந்த கிராபிக்ஸ் சிப் அறிமுகமாக நான்கு வருடம் ஆனது.

இன்று எல்லாம் சுலபம். விசி4-கேஎம்எஸ்-வி3டி என்று ஒரு வரி கான்ஃபிக் கோப்பில் ஏற்கெனவே எழுதப்பட்டே வருகிறது. ஆசாமி ஒன்றும் செய்ய வேண்டாம். சிக்கலே அங்கேதான்: ஒன்றும் செய்யாமல் இருக்க முடிந்தவர் இந்தப் போர்டையே வாங்கியிருக்க மாட்டார்.

அவர் பழைய வழிகாட்டி ஒன்றைத் தேடி எடுப்பார். கிராபிக்ஸுக்கு 256 எம்பி மெமரி ஒதுக்கு என்று அது சொல்லும். ஒதுக்குவார். நான்காவது மாடலின் முப்பரிமாணப் பகுதி தனக்கு வேண்டிய மெமரியை லினக்ஸிடமிருந்தே வாங்கிக்கொள்கிறது. அந்த ஒதுக்கீட்டைத் தொடுவதே இல்லை. லினக்ஸுக்கு மெமரி குறைந்ததுதான் மிச்சம். பிறகு கான்ஃபிக் கோப்பைத் திருத்தப் பழைய இடத்துக்குப் போவார். 2023-ல் வந்த புக்வோர்ம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்பு வேறு அடைவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பழைய இடத்தில், ‘இதைத் திருத்தாதே, நீ தேடும் கோப்பு இங்கே இல்லை’ என்ற பொருளில் ஒரு குறிப்பு மட்டும் கிடக்கும். அதற்கடியிலேயே தன் வரியைச் சேர்த்துச் சேமித்துவிட்டு, ஏன் ஒன்றும் மாறவில்லை என்று வியப்பவர்கள் உண்டு.

சரியான கோப்பில் தவறான வரியை எழுதினால் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். திரை கறுப்பு. அப்போது எஸ்டி கார்டைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் செருகி, அந்த வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி போட வேண்டும். இன்னொரு கம்ப்யூட்டர் வாங்க வசதியில்லாதவருக்காகச் செய்த கம்ப்யூட்டரைச் சரிபார்க்க இன்னொரு கம்ப்யூட்டர்.

இதைவிடப் பொல்லாதது சத்தமில்லாத தோல்வி. கிராபிக்ஸ் சிப் கைக்கு எட்டாவிட்டால் லினக்ஸின் மேசா நூலகம் புகார் செய்யாது. எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருளைக் கூப்பிட்டு, பிராசசரையே வரையச் சொல்லிவிடும். டெஸ்க்டாப் வரும், சாளரம் திறக்கும், எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். நான்கு கோரும் மூச்சிரைக்க ஓடி, சூடு 80 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காரணம் சில சமயம் அற்பமாக இருக்கும்: சிப்பைத் தொடும் உரிமையுள்ள ரெண்டர் என்ற குழுவில் ஆசாமியின் பெயர் இல்லை.

வெற்றியை அளக்க அவர் நம்புவது ஜிஎல்எக்ஸ்-கியர்ஸ். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பல்சக்கரங்கள் சுற்றும் ஒரு சின்ன நிரல். மென்பொருள் வரையும்போது நொடிக்கு நூற்றுக்கணக்கான படங்கள் என்று காட்டியது, சிப் கைக்கு வந்த பிறகு 60-க்கு இறங்கிவிடும். ஆசாமிக்கு நெஞ்சு அடைக்கும். உண்மையில் இப்போதுதான் அது மானிட்டரின் வேகத்தோடு ஒத்துப்போகிறது. மானிட்டர் நொடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கிறது. குறைந்த எண்தான் இங்கே நல்ல எண். இதை வீட்டில் யாருக்கும் விளக்க முடியாது.

“ஏங்க, இதை வாங்கினது படம் பார்க்கவா, இதையே பார்த்துக்கிட்டு உட்காரவா?” என்ற கேள்வி இந்தக் கட்டத்தில் வரும். யூடியூபைத் திறந்தால் படம் இன்னும் திக்கும். முப்பரிமாணம் வரைவது ஒரு பகுதி, வீடியோவைப் பிரிப்பது வேறொரு பகுதி என்று ஆசாமி அன்றுதான் கற்றுக்கொள்வார். நான்காவது மாடலின் சிப்புக்கு எச்.264-உம் எச்.265-உம் தெரியும்; யூடியூப் விரும்பி அனுப்பும் விபி9 தெரியாது.

மற்ற பழப் பெயர்ப் போர்டுகளின் சொந்தக்காரர்களுக்கு இந்த அல்லல்கூட நெடுநாள் வாய்க்கவில்லை. ஆரஞ்சு பை, பனானா பை வகையறாவில் பலவற்றில் இருப்பது ஆர்மின் மாலி சிப். அதற்குக் கிடைத்த மூடிய டிரைவர், கெர்னலின் குறிப்பிட்ட பதிப்போடு மட்டும்தான் பேசும். கெர்னலைப் புதுப்பித்தால் உறவு முறிந்தது. லூக் வெர்ஹேகன் 2012-லேயே லீமா என்ற திறந்த டிரைவரைக் காட்டினார். அதுவும், புதிய மாலிகளுக்காக அலிசா ரோசன்ஸ்வைக் தொடங்கிய பேன்ஃப்ராஸ்டும் கெர்னலுக்குள் நுழைந்தது 2019-ல், 5.2 பதிப்பில்.

ஆகவே, புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போர்டில் எத்தனை கோர், எத்தனை ஜிபி என்று பார்ப்பதற்கு முன், அதன் கிராபிக்ஸ் சிப்புக்கு மேசாவில் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். வந்ததும் புது கார்டில் புது ஓஎஸ் போட்டு, எந்தக் கோப்பையும் தொடாமல், வரைவது யார் என்று சொல்லும் ஜிஎல்எக்ஸ்-இன்ஃபோ நிரலை ஓட்டுங்கள். எல்எல்விஎம்பைப் என்று வந்தால் மட்டும் தேடத் தொடங்குங்கள். பையில் வி3டி என்று வந்தால் வேலை முடிந்தது. கான்ஃபிக் கோப்பை மூடிவிட்டுப் படத்தைப் போடுங்கள்.