தனி அலுவலர் பல்லாண்டு வாழ்க!

திருச்சி மாவட்டம் தொட்டியம் ஒன்றியத்து மக்கள் கொடுத்து வைத்தவர்கள். ஓட்டுக்குப் பணம் வாங்கிய பாவம் இல்லை. வாசலில் வந்து காலில் விழும் வேட்பாளரைத் தூக்கி நிறுத்தும் சிரமம் இல்லை. பங்காளிகள் ஆளுக்கொரு சின்னத்துக்கு உழைத்துவிட்டு, இழவு வீட்டில்கூடப் பேசாமல் போகும் பகையும் இல்லை. 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள், ஒன்றியக் கவுன்சிலர்கள் எல்லோரும் பதவிக்காலம் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த இடத்தில் தனி அலுவலர் வந்து உட்கார்ந்தார். அவருக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. ஆகையால் யாராலும் அவரைத் தோற்கடிக்க முடியாது. இதைவிட நிம்மதியான ஜனநாயகம் எந்தச் சீமையில் கிடைக்கும்?

ஏதோ ஒரு வாழைத்தோட்டத்து ஊரில் குடிதண்ணீர் மோட்டார் காயில் கருகிவிட்டது என்று வையுங்கள். காவிரி கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. குழாயில் மட்டும் காற்று வருகிறது. முன்பு என்ன நடக்கும்? விடியும் முன்னே நாலு பெண்கள் காலிக்குடத்தோடு தலைவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். "ஏண்ணே, ஓட்டு கேக்குறப்ப முட்டுச்சந்துல இருக்குற எங்க வீடுகூட கண்ணுக்குத் தெரிஞ்சுது, இப்ப இம்மாம்பெரிய டேங்கு தெரியலையா?" என்று ஒருத்தி கேட்பாள். தலைவர் பல் விளக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார். யோக்கியர் என்பதால் ஓடவில்லை. தெருவுக்கு சிமெண்ட் ரோடு போட்டதில் எவ்வளவு எடுத்தார் என்பது டீக்கடை பெஞ்சுக்கே தெரியும். பாதி ஊர்களில் மனைவியை ஜெயிக்கவைத்துவிட்டு நாற்காலியில் இவர்தான் உட்கார்ந்திருப்பார். ஆனாலும் அடுத்த முறை அதே வாசலுக்கு வந்து நின்றாக வேண்டும். அந்தப் பயம் ஒன்றுதான் மோட்டாரை ஓடவைத்தது.

இப்போது ஊராட்சிச் செயலரைக் கேட்டால், "பி.டி.ஓ. கையெழுத்து ஆகணுங்க" என்பார். பி.டி.ஓ. ஆபீசுக்குப் பஸ் பிடித்துப் போனால், "ஐயா மீட்டிங்குக்குத் திருச்சி போயிருக்காங்க" என்று பதில் வரும். அந்த மனிதரைத் திட்டிப் பயனில்லை. தனி அலுவலர் என்று பெயர் வைத்து, இருக்கிற வேலையோடு ஊர் ஊராகத் தலைவர் வேலையையும் அவர் தலையில் ஏற்றினால், எத்தனை மோட்டாருக்கு அவர் ஓடுவார்? காலிக்குடத்தோடு எந்த வாசலில் நிற்பது என்று தெரியாமல் நாங்கள்தான் நிற்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். தொட்டியம் பேரூராட்சிக்கு மன்றம் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் ஓட்டுப் போட்டோம். பேரூராட்சி எல்லைப் பலகையைத் தாண்டி ஓர் அடி வைத்தால், அந்த வரப்பில் நிற்பவருக்குப் பிரதிநிதி கிடையாது. ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே சந்தை. பலகைக்கு இந்தப் பக்கம் குடிமகன், அந்தப் பக்கம் வெறும் பயனாளி.

அரசியல் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 243-இ பிரிவு: ஊராட்சியின் ஆயுள் ஐந்தாண்டு, அது முடியும் முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும். முடிந்த பிறகு ஆறு மாதம் பார்க்கலாம் என்ற சலுகைகூட இல்லை. அது பாதியில் கலைக்கப்பட்ட மன்றங்களுக்கு மட்டும். வார்டு வரையறையைக் காரணம் காட்டித் தள்ளக் கூடாது என்று 2006இலேயே கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் சட்டமன்றம் என்ன செய்தது? 2025 ஜனவரியில் தனி அலுவலர் மசோதாவை நிறைவேற்றியது. அதே ஆண்டு ஏப்ரலில் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத் திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தமும் வந்தது. கைதட்ட வேண்டிய திருத்தம்தான், தட்டினோம். பேரூராட்சிக்காரர் போய் உட்காரலாம். பலகைக்கு அந்தப் பக்கத்து அரசலூர்க்காரரும் ஏலூர்பட்டிக்காரரும் எந்த மன்றத்தில் போய் உட்கார்வார்கள்?

அதே ஏப்ரலில்தான், 15ஆம் தேதி, மாநில சுயாட்சிக்கு நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் குழு அமைத்தார்கள். டெல்லி நம் அதிகாரங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறது, நமக்கு வர வேண்டிய பங்கைத் தர மறுக்கிறது என்ற முழக்கத்தில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் அந்த நியாயம் டெல்லியில் ரயிலேறிச் சென்னை வரை வருகிறது. முசிறி தாண்டித் தொட்டியம் வருவதற்குள் எங்கேயோ இறங்கிவிடுகிறது. ஆளுநர் என்பவர் ஓட்டு வாங்காதவர், அவருக்கு என்ன அதிகாரம் என்று கேட்கிற அதே வாய்தான், ஓட்டு வாங்காத தனி அலுவலரை ஊருக்கு ஊர் அனுப்பிவைக்கிறது. மாமியார் உடைத்தால் மண்சட்டி!

இது இன்று நேற்று வந்த நோயும் அல்ல. சுயாட்சிக்காக ராஜமன்னார் குழு அறிக்கை கொடுத்தது 1971இல். சட்டமன்றம் சுயாட்சித் தீர்மானம் போட்டது 1974இல். தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தல் நடந்தது 1970இல். அதற்கடுத்த தேர்தல் 1986இல்! அதற்கும் அடுத்தது 1996இல்தான். நடுவில் கழகம் மாறியது, கொடி மாறியது, கும்பிடு மாறியது. கிராமத்துக்கு அதிகாரம் கொடுக்கக் கூடாது என்ற கொள்கை மட்டும் மாறவில்லை. அந்த ஒன்றில் இரண்டு கழகங்களும் உடன்பிறப்பும் ரத்தத்தின் ரத்தமும்தான்.

2016இல் பாருங்கள். பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியில்லை என்று தி.மு.க. வழக்குப் போட்டது; அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தது. குறையைச் சரிசெய்து உடனே நடத்த வேண்டிய அ.தி.மு.க. அரசு, விட்டது தொல்லை என்று மூன்று ஆண்டு உறங்கியது. மத்திய நிதிக்குழு மானியம் நின்றுபோனது. கடைசியில் 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்கு மட்டும் தேர்தல் நடத்தினார்கள். அதற்கு முன், 2019 தொடக்கத்தில், ஊர் ஊராக ஊராட்சி சபை கூட்டிச் சமுக்காளத்தில் உட்கார்ந்து எங்கள் குறை கேட்டது தி.மு.க.தான். தேர்தல் நடத்தாத அரசைக் காய்ச்சி எடுத்தார்கள். நாங்களும் நம்பினோம். அவர்கள் முறை வந்தது. எங்களுக்குத் தனி அலுவலர் வந்தார்.

பக்கத்தில் கேரளம் இருக்கிறது. 2020 டிசம்பரில் கொரோனா நடுவே முகக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளாட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள்; ஐந்தாண்டு கழித்து 2025 டிசம்பரில் மறுபடியும். கடலுக்கு அப்பால், 2013இல் தேர்ந்தெடுத்த வட மாகாண சபையின் ஆயுள் 2018இல் முடிந்தும் கொழும்பு தேர்தல் வைக்காமல் ஆளுநரை வைத்து ஆள்கிறதே என்று இங்கே மேடைபோட்டுக் கொதிக்கிறோம். கொதிக்க வேண்டியதுதான். மேடை போட்ட ஊரின் தலைவர் யார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

பெருமை பேச நமக்குப் பராந்தக சோழன் இருக்கிறான். உத்தரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தேர்தல் என்று பேசாத மேடை இல்லை. அந்தப் பராந்தகன் காலத்துக் குரங்கநாதர் கோயில் எங்கள் தொட்டியம் வட்டத்துச் சீனிவாசநல்லூரில்தான் நிற்கிறது. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் வாரியத்தில் சேரவே கூடாது என்று உத்தரமேரூரில் எழுதிவைத்தார்கள். குடவோலையில் எல்லாச் சாதிக்கும் பெண்ணுக்கும் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பின்னால் அந்த இடத்தைச் சண்டை போட்டு வாங்கினோம். மேலவளவில் தனித்தொகுதியில் நின்று தலைவரான முருகேசனையும் உடனிருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிச் சாய்த்தார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஒரு தலித் தலைவராக உட்காருவதற்குப் பத்தாண்டு பிடித்தது. உயிரைக் கொடுத்து வாங்கிய நாற்காலி அது. அதைத்தான் ஓர் அரசாணையில் காலி செய்து கோப்பு அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 1 உள்ளாட்சி நாள். 2022 முதல் கொண்டாடுகிறோம். ஊராட்சித் தலைவர் இல்லாமலே 2025இலும் அந்த நாள் வந்தது, போனது.

தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். வருகைப் பதிவேட்டை முதலில் நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள், அவசரப்படாதீர்கள். "எங்கள் ஊராட்சிக்கு உடனே தேர்தல் நடத்த வேண்டும்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.