வானத்திலிருந்து உடல்நல அறிக்கை

கேள்வி: தனியாக மோடம் பெட்டி வாங்காமல், கணினியை மட்டும் வைத்தே அமெச்சூர் செயற்கைக்கோள் சிக்னலைப் படிக்கலாமாமே?

பதில்: ரிசீவரும் ஆன்டெனாவும் இருந்தால் படிக்கலாம். மோடம் இப்போது பெட்டியல்ல, கணக்கு! எடுத்துக்காட்டாக, 2013 நவம்பரில் ஏவப்பட்ட பிரிட்டனின் ஃபன்கியூப்-1 செயற்கைக்கோள், பள்ளி மாணவர்களை மனதில் வைத்துச் செய்த 10 செ.மீ. கனசதுரம். 145.935 மெகாஹெர்ட்ஸில், நொடிக்கு 1,200 பிட் வேகத்தில் டெலிமெட்ரி, அதாவது தன் நிலவரத் தகவல், அனுப்பியது. ரிசீவர் தரும் கரகரப்பை மென்பொருள் 0, 1 என்று பிரிக்கும். சிதைந்த பிட்டுகளைக்கூடத் திருத்திவிடும். டாப்ளர் விளைவால் நழுவும் அலைவரிசையையும் விடாமல் துரத்தும். கடைசியில் பேட்டரி நிலவரம், உடல் சூடு எல்லாம் திரையில்! விடுதியில் இருக்கும் பிள்ளையிடம் கேட்டால் கிடைப்பது ஒரு "ம்" மட்டும்தான். அதைப் பிரித்துப் படிக்க இன்னும் மென்பொருள் வரவில்லை.