ராஜம் சார் இருக்காரா?

1978-ல் பனகல் பார்க் அருகே ஓர் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். என்னைத் தேடி வந்த முதல் ஆள் கேட்ட கேள்விதான் மேலே இருப்பது. "நான்தான்" என்றேன். அவர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு கோத்ரெஜ் பீரோ நின்றது. அதனிடமே பேசிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தவர்போல் நின்றுவிட்டு, மனமில்லாமல் பில்லை என்னிடம் நீட்டினார்.

பெயர் அப்படி. மயிலாப்பூரில் ராஜம் என்றால் ஆளைப் பார்த்துத்தான் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியும். 1934-ல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் ராமராகவே நடித்த ஓவியர் எஸ். ராஜம் எங்கள் பேட்டைக்காரர். சங்க நூல்களை மலிவுப் பதிப்பாகக் கொண்டுவந்த மர்ரே எஸ். ராஜமும் ஆண். 'வேருக்கு நீர்' நாவலுக்காக 1973-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கிய ராஜம் கிருஷ்ணன் பெண். பத்திரிகையைப் புரட்டினாலும் தெளிவு கிடைக்காது. சுஜாதா என்று மனைவி பெயரில் எழுதியவர் ரங்கராஜன். புஷ்பா தங்கதுரையும் ஆண்தான்.

1967-ல் அண்ணாவின் ஆட்சி ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரியை அனுப்பிவிட்டு திரு, திருமதி, செல்வியைக் கொண்டுவந்தது. எனக்கு வந்த கடிதங்களில் 'செல்வி' எட்டிப் பார்த்ததே இல்லை. 'திரு. கே. ராஜம் அவர்கள்' என்றுதான் வரும். மானேஜரிடம் சொன்னால், "விடும்மா, மரியாதையாத்தானே போட்டிருக்கான்" என்பார். கடிதம் போட்டவர் எங்களுக்குப் பாக்கி வைத்திருந்ததால் 'அவன்'.

அந்த ஆபீஸில் யாரும் தன்னை எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சம்பளப் பட்டியல் சொல்லிவிடும். முப்பது வயது மானேஜர் 'அவர்'. ஐம்பத்தைந்து வயது பியூன் 'அவன்'. நான் நேரில் 'அம்மா'. கேபின் கதவு சாத்தியதும் 'அந்தப் பொண்ணு'. "அது இன்னும் டைப் அடிச்சு முடிக்கலையா?" என்று உள்ளிருந்து குரல் வரும். கதவு மரக்கதவு, திணை வெளியே நன்றாகக் கேட்கும். நானும் லேசுப்பட்டவள் இல்லை. பியூனைப் பெயர் சொல்லி, 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை 'நீங்க' என்பார். அவருக்கும் என் அப்பாவுக்கும் ஒரே வயது என்பது, ரிடையர் ஆன அன்று மாலை போட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இன்று அடையாறு காந்தி நகர் ஃபிளாட்டில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். லிங்க்ட்இன் 2021-ல் 'ப்ரோனவுன்' என்று ஒரு கட்டம் சேர்த்தது. தன்னை மற்றவர் எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று அவரவரே போட்டுக்கொள்ளலாம். சென்ற ஆண்டு ஒரு நிறுவனம் தன் ஊழியர் விவரப் பக்கத்தைத் தமிழாக்கக் கொடுத்தபோது, அந்தக் கட்டம் என் மேசைக்கும் வந்தது. ஹீ/ஹிம், ஷீ/ஹெர், தே/தெம்.

முதல் வரிக்கு 'அவன்' போடலாமா? நிர்வாக இயக்குநர் படத்துக்குக் கீழே 'அவன்' என்று வந்தால் எனக்கு செக் வராது. 'அவர்' போட்டேன். இரண்டாவதற்கு 'அவள்' என்றால் ஹெச்.ஆர். அம்மாள் என்ன நினைப்பார்? அதுவும் 'அவர்'. மூன்றாவதற்கு யோசிக்கவே வேண்டாம். ஆண், பெண் இரண்டையும் சொல்லாமல் மரியாதையை மட்டும் சொல்கிற சொல். இங்கிலீஷ்காரர்கள் இப்போது தேடுவதை நாம் என்றைக்கோ வைத்துக்கொண்டிருக்கிறோம் என்ற பூரிப்போடு மூன்று 'அவர்'களையும் அனுப்பினேன்.

சோதனைப் பிரிவிலிருந்து திரும்பி வந்தது: "மூன்று தேர்வுகளும் ஒன்றாக உள்ளன. பிழை."

இலக்கணம் எடுக்கலாம் என்று போன் போட்டேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மேடம், எழுதுறப்போ சரி. பேச்சுல அவருன்னா ஆம்பளை, அவங்கன்னா பொம்பளை. நான் திருநங்கை. காலேஜ்ல என்னை அவன்னாங்க. வேலைக்கு வந்ததும் மரியாதையா அவருன்னாங்க. உங்க அவர்ல மரியாதை இருக்கு மேடம், நான் இல்ல."

எடுத்து வைத்திருந்த இலக்கணம் வாயிலேயே நின்றுவிட்டது. பீரோவை எட்டிப் பார்த்தவர் நினைவுக்கு வந்தார். எனக்கு அது வீட்டில் சொல்லிச் சிரிக்க ஒரு கதை. இவருக்கோ அப்படிப் பார்ப்பவர்கள் தினமும்.

2008-ல் தமிழக அரசு அரவாணிகள் நல வாரியம் அமைத்தது. பிறகு 'திருநங்கை' என்ற சொல் அரசாணைகளில் ஏறியது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தந்த உத்தரவைத் தொடர்ந்து, இவர்களைக் கண்ணியமாகக் குறிப்பிடுவதற்கான சொற்பட்டியல் 2022-ல் அரசிதழில் வந்தது. திருநங்கை, திருநம்பி, திருநர். ஒரு காலத்தில் எனக்குத் தப்பாக வந்து சேர்ந்த 'திரு', சேர வேண்டிய இடத்துக்குச் சேர நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

கடைசியில் மூன்று வரிகளையும் எடுத்துவிட்டு, 'உங்களை எப்படிக் குறிப்பிட வேண்டும்?' என்ற கேள்வியையும் ஒரு காலிக் கட்டத்தையும் வைத்தோம். போனில் பேசிய அந்தப் பெண் 'அவங்க' என்று நிரப்பியிருக்கிறார்.

போன மாதம் அந்த நிறுவனத்துக்கு நேரில் போனேன். கேட்டில் என் பையைச் சோதித்து, வெயிலில் நிற்காதீர்கள் என்று தன் நாற்காலியைக் கொடுத்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். உள்ளே போனதும், தன் விவரப் பக்கத்தில் 'அவர்' என்று போட்டிருக்கும் இளைஞர் ஒருவர் அக்கறையாகக் கேட்டார்: "செக்யூரிட்டி உங்களை உடனே விட்டானா மேடம்?"

கேட்டில் இருப்பவருக்கு விவரப் பக்கம் கிடையாது. அவர் ஏஜென்சி ஆள்.