சில்க் போர்டு சந்திப்பில் பருப்பொருளின் நிலைகள்: ஓர் ஆய்வு

திண்மத்தில் துகள்கள் நின்ற இடத்திலேயே அதிரும். நீர்மத்தில் ஒன்றையொன்று உரசி நழுவும். வாயுவில் தறிகெட்டு ஓடும். பள்ளிப் பாடநூல் இத்தோடு முடித்துக்கொள்கிறது. இம்மூன்றையும் நுண்ணோக்கி இல்லாமலே பெங்களூரில் பார்க்கலாம் என்பதை அது மறைத்துவிட்டது. வெளிவட்டச் சாலையும் ஓசூர் சாலையும் முட்டிக்கொள்ளும் சில்க் போர்டு சந்திப்பே இவ்வாய்வின் களம். 1948-ல் பட்டுத் தொழிலுக்கென அமைந்த மத்திய பட்டு வாரியம் இவ்விடத்துக்குப் பெயரைத் தந்தது. மற்றதையெல்லாம் வாகனங்கள் தந்தன.

மாலை ஆறரைக்கு இச்சந்திப்பு திண்மம். இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் எவ்வகைத் திண்மம்? படிகம் என்போரை நாம் மறுக்கிறோம். உப்புப் படிகத்தில் ஒவ்வொரு துகளுக்கும் ஒழுங்கான இடம் உண்டு. இங்கே பேருந்துக்குக் குறுக்கே ஆட்டோ, ஆட்டோவின் இடுக்கில் சாப்பாடு டெலிவரி செய்யும் பையன், அவன் முதுகுப் பைக்கும் காரின் கண்ணாடிக்கும் நடுவே இன்னொரு பையன். நீர்மத்தின் ஒழுங்கின்மை அப்படியே உறைந்துபோன பொருளுக்குக் கண்ணாடி என்று பெயர். அதில் ஒவ்வொரு மூலக்கூறும் நகரத்தான் பார்க்கிறது. அண்டை வீட்டார் விடுவதில்லை. ஆகவே சில்க் போர்டு ஒரு கண்ணாடி.

அதிர்வு பற்றியும் சொல்லவேண்டும். வெப்பம் ஏற ஏறத் துகளின் இயக்கம் கூடும் என்பது கொள்கை. களத்தில் கண்டதோ நேர்மாறு: இயக்கம் குறையக் குறைய ஓட்டுநரின் சூடு ஏறுகிறது. மழை பெய்தால் 22 டிகிரியிலேயே எல்லாம் உறைந்துவிடுகிறது. உள்ளுறை வெப்பம் மட்டும் கொள்கைக்குப் பொருந்தி வருகிறது. பூஜ்ய டிகிரியில் ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் வேண்டும். அவ்வளவும் உள்ளே போகும்வரை வெப்பநிலை இம்மியும் ஏறாது. பச்சை விளக்கு விழுந்தபின் எழும் ஹார்ன் ஒலியும் அப்படித்தான் எங்கோ உள்ளே போய்விடுகிறது. ஒரு கிராம் பெங்களூர் உருக எத்தனை ஹார்ன் என்பது மேலாய்வுக்குரியது.

இருசக்கர வாகனங்கள் நீர்மம். கொள்கலத்தின் வடிவத்தை ஏற்கும். நடைபாதையும் கலத்தில் அடக்கம்.

முன்னோர் ஆய்வுகளையும் குறிப்பிடாவிட்டால் கட்டுரை கட்டுரையாகாது. 2008-ல் ஜப்பானியர் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஓடவிட்டனர். சிக்னல் இல்லை, பள்ளமில்லை, மாடுமில்லை. ஆனாலும் நெரிசல் தானாக உண்டாகி அலைபோலப் பின்னோக்கி நகர்ந்தது. காரணமே இல்லாமல் நிற்பதை ஆராய அவ்வளவு தூரம் போயிருக்கவேண்டாம். இதே பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் ஸ்ரீராம் ராமஸ்வாமி, அஜய் சூட் குழுவினர் 2014-ல் வெளியிட்ட சோதனை இன்னும் நயமானது. அதிரும் தளத்தில் அலுமினிய மணிகளைப் பரப்பி, ஒரு முனை குறுகிய சிறு பித்தளைக் குச்சிகள் சிலவற்றை இட்டார்கள். மணிகள் போதிய நெருக்கமானதும் குச்சிகள் ஒன்றையொன்று தொடாமலே ஒரே திசையில் திரண்டு போயின. ஒன்வேயில் எதிரே வரும் குச்சி எதையும் அவர்கள் சேர்த்ததாகத் தெரியவில்லை.

வாயு நிலை ஞாயிறு விடியற்காலையில் மட்டும். காற்றின் மூலக்கூறு ஏறத்தாழ மணிக்கு 1,800 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஆயினும் விநாடிக்குச் சுமார் 700 கோடி முறை மோதிக்கொள்வதால் ஊர் போய்ச் சேருவதில்லை. 2022-ல் பெங்களூரின் மையத்தில் பத்து கிலோமீட்டர் கடக்க 29 நிமிடம் 10 விநாடி ஆனதென்று டாம்டாம் நிறுவனம் கணக்கிட்டு, லண்டனுக்கு அடுத்த இடம் கொடுத்தது. காற்றைவிட நம் நிலை பரவாயில்லை.

எஞ்சியது ஆவியாதல். அதற்குக் கொதிநிலை வேண்டியதில்லை. ஆற்றல் மிக்க துகள்கள் மேற்பரப்பிலிருந்து முந்திக் கிளம்பும், மிஞ்சியவை குளிரும். தீபாவளிக்கு முந்தைய இரவு மடிவாளாவில் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் ஆம்னி பஸ் ஏறும் நம்மவர் கூட்டத்தில் இதைக் காணலாம். மறுநாள் நகரம் குளிர்ந்து கிடக்கும். விடுமுறை முடிந்த விடியலில் அதே துகள்கள் சில்க் போர்டில் சொட்டுச் சொட்டாக இறங்கி நீர்மமாகும். அங்கே காத்திருக்கும் ஆட்டோக்காரர் ஒவ்வொரு சொட்டையும் “எல்லிகே சார்?” என்று கேட்டு ஒரு தொகை சொல்வார். மீட்டர் என்ற அளவுகருவியை இத்துறை இன்னும் ஏற்கவில்லை.