கோடி கோடிக்குச் சொந்தக்காரர்

மொய் எழுத ஆள் கிடைக்காமல் கல்யாண வீட்டார் திண்டாடும்போது, தானாக முன்வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறவர் ஒருவர் உங்கள் உறவில் இருக்கிறாரா? சேவை மனப்பான்மை என்று நினைத்து அவருக்கு இரண்டாவது காபி அனுப்பிவிடாதீர்கள். அவர் நோட்டு சேகரிக்கிறவர். மண்டபத்தில் புழங்கும் அத்தனை ரூபாயும் தன் கண்ணைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போக வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு.

ஐந்நூறை நீட்டினால் மற்றவர்கள் பெயரைக் கேட்பார்கள். இவர் நோட்டின் நம்பரைப் பார்ப்பார். 786-ல் முடிகிறதா, இடமிருந்து வாசித்தாலும் வலமிருந்து வாசித்தாலும் ஒரே எண்ணா, முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே நட்சத்திரம் உண்டா? இருந்தால் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சாதா ஐந்நூறைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார். கணக்கு ஒரு பைசா பிசகாது. பெயர்கள்தான் பிசகும். "இந்த ஐந்நூறு யார் கொடுத்ததுன்னே எழுதலியே மாமா?" என்று மறுநாள் பெண்ணைப் பெற்றவர் தலையில் கைவைத்தால், "ஆள் ஞாபகமில்ல மாப்ள. நோட்டு நம்பர் வேணா சொல்றேன்" என்பார்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை அவர் விசாரிக்கும் முறையே தனி. வேலை எப்படி, வெயில் எப்படி என்றெல்லாம் சுற்றி வளைக்க மாட்டார். கத்தாரா, ஒரு ரியால். குவைத்தா, கால் தினார். துபாயா, ஐந்து திர்ஹாம். அதற்குக் கீழே அங்கே காசுதான், நோட்டு கிடையாது. "அஞ்சு திர்ஹாம் பழைய காகித நோட்டுல ஷார்ஜா சந்தை இருக்கும். 2022-ல வந்த பாலிமர் நோட்டுல அஜ்மான் கோட்டை. ரெண்டுல எது வச்சிருக்கே?" என்று அவர் கேட்கும்போது, பத்துப் பன்னிரண்டு வருஷம் அங்கே உழைத்தவன் திருதிருவென்று விழிப்பான். கேட்டவரிடம் பாஸ்போர்ட்டே இல்லை.

ஆஸ்தி என்று பார்த்தால் ஊரில் அவருக்கு நிகர் யாருமில்லை. ஜிம்பாப்வே 2009 ஜனவரியில் வெளியிட்ட நூறு டிரில்லியன் டாலர் நோட்டு அவரிடம் இருக்கிறது. ஒன்றுக்குப் பின்னால் பதினான்கு சைபர். நம் கணக்கில் ஒரு கோடி கோடி. ஒன்றின்மேல் ஒன்றாகச் சாயாமல் நிற்கும் பாறைகளை அதில் படமாகப் போட்டிருக்கிறார்கள். பணத்தைத் தவிர மற்றதெல்லாம் அந்த நாட்டில் நிலையாகத்தான் நிற்கிறது என்று காட்டுவதற்காக இருக்கலாம். 2015-ல் அந்த நாட்டு அரசு பழைய ரொக்கத்தைத் திரும்பப் பெற்றபோது, 250 டிரில்லியனுக்கு ஓர் அமெரிக்க டாலர் கொடுத்தது. அதாவது இந்த நோட்டுக்கு நாற்பது சென்ட். இன்றைக்குச் சேகரிப்பவர்களின் சந்தையில் அதைப்போலப் பல மடங்கு விலை. உயிரோடு இருந்தபோது சீந்த ஆளில்லை, செத்தபின் ஏக கிராக்கி. தமிழ் எழுத்தாளர்களுக்கு மட்டுமே நடப்பது என்று நினைத்திருந்தோம்.

அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றை வைத்திருப்பார். லஞ்சம் கேட்பவரிடம் நீட்டுவதற்காக ஐந்தாவது தூண் என்ற அமைப்பு 2007-ல் நம் ஊரில் அச்சடித்து வினியோகித்த பூஜ்ய ரூபாய்த் தாள். கோடி கோடியும் பூஜ்யமும் அடுத்தடுத்த உறைகளில். கடைக்குக் கொண்டுபோனால் இரண்டுக்கும் ஒரே மரியாதைதான்.

யுகோஸ்லாவியா 1993-ல் அடித்த ஐம்பதாயிரம் கோடி தினார் நோட்டும் உண்டு. அதில் இருப்பவர் யோவான் யோவானோவிச் ஸ்மாய் என்ற கவிஞர். உலகத்தில் எந்தக் கவிஞரும் இவ்வளவு பெரிய தொகையோடு சம்பந்தப்பட்டதில்லை. அதையும் செல்லாமல் அடித்துவிட்டார்கள். இத்தனைக்கும் மேலே ஹங்கேரி இருக்கிறது. 1946-ல் அங்கே புழக்கத்துக்கு வந்த நோட்டில் ஒன்றுக்குப் பின்னால் இருபது சைபர் மதிப்பு. அவ்வளவையும் எண்ணால் போட இடம் போதாமல் எழுத்தில் சுருக்கிப் போட்டார்கள். அந்த நோட்டுக்காக ஆல்பத்தில் ஓர் உறை காலியாகக் காத்திருக்கிறது.

இப்படிப்பட்ட கோடீஸ்வரர் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கா?" என்று அடுப்படியில் வந்து நிற்பார். "அந்தக் கோடி கோடியக் கொடுத்து ஒரு கிலோ தக்காளி வாங்கிட்டு வாங்க, பார்ப்போம்" என்பது வீட்டம்மாவின் நிரந்தரமான பதில்.

அந்த அம்மாளுக்கு ஒரு விஷயம் தெரியாது. இந்தப் பொழுதுபோக்கில் தொடக்கம் தக்காளியைவிட மலிவு. ஒரு நாட்டில் பணம் சரிந்து விழுந்ததும், வங்கியிலிருந்து பிரிக்காத கட்டுகளாகவே நோட்டுகள் வியாபாரிகளிடம் வந்து சேர்ந்துவிடும். பெலாரஸ் 1992-ல் முயல், பீவர், ஓநாய், கரடி, காட்டெருமை என்று ஒரு வனத்தையே ரூபிளில் அச்சடித்தது. அந்த ரூபிள் போய்விட்டது, வனம் மட்டும் மிஞ்சி, உலகம் முழுக்கப் புதிதாகச் சேகரிக்கிறவர்களின் முதல் பக்கத்தில் நிற்கிறது. கூறு கட்டி விற்கிற மாதிரி பல நாட்டு நோட்டுகளைச் சேர்த்து ஒரே பொட்டலமாகத் தருவார்கள். அதில்தான் ஆரம்பம். அதற்கப்புறம் ஆல்பர்ட் பிக் என்ற ஜெர்மானியர் தொடங்கிவைத்த உலக நோட்டுப் பட்டியல் கைக்கு வரும். ஒவ்வொரு நோட்டுக்கும் அதில் ஒரு 'பிக் நம்பர்' உண்டு. அதற்குப் பிறகு மனிதர் ஆதார் நம்பரை மறந்துவிடுவார். பிக் நம்பர் மறக்காது.

அவர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஆல்பம் கட்டாயம். "அஞ்சே நிமிஷம்" என்று எடுப்பார். கை கழுவிவிட்டு வரச் சொல்வார். மின்விசிறி நிற்கும். நோட்டுக்கு வேர்க்கக் கூடாது, பறக்கவும் கூடாது. வேர்ப்பது விருந்தாளியின் பொறுப்பு. பிறகு பர்மாவில் தொடங்குவார்.

"இந்த 75 கியாட் பாருங்க. 1985-ல, அங்க ஆண்டுக்கிட்டிருந்த நே வின் தன்னோட எழுபத்தஞ்சாவது பிறந்த நாளுக்குப் போட்டது. 87-ல 25, 35, 75 எதுவும் செல்லாதுன்னுட்டார். பதிலுக்கு 45, 90. ஏன் சொல்லுங்க? கூட்டினா ஒன்பது. ஒன்பதுதான் அவருக்கு ராசி. இப்ப நீங்க 90 கொடுத்து 20-க்கு ஒரு சாமான் வாங்குறீங்க. கடைக்காரன் மீதி எப்படிக் கொடுப்பான்?" காபிக்கு வந்தவர் கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பார். அதற்கு முன்பே, 1964-ல், 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போனதில் கை நிறைய இருந்ததை இழந்துவிட்டு ஊர் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அந்த இடம் வந்தால் அவர் குரல் கொஞ்சம் இறங்கும். மலாயாவிலிருந்து வந்தவர்களின் டிரங்குப் பெட்டியில் கிடந்த, வாழைமரம் போட்ட ஜப்பான்காரன் பத்து டாலருக்கும் அதே கதிதான். யுத்தம் முடிந்த 1945-லேயே அது வெறும் காகிதம்.

அடுத்த பக்கத்தில் ஆப்பிரிக்காவின் ஜயர் நாடு. நோட்டில் வட்டமாக ஓட்டை. "அடடா, பூச்சி அரிச்சிடுச்சே!" என்று விருந்தாளி பதறுவார். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் அந்த நோட்டையே வாங்கினார். "பூச்சி இல்ல சார், புரட்சி!" என்பார். 1997-ல் அந்நாட்டு அதிபர் மொபுட்டுவை விரட்டிய பிறகு புது நோட்டு அடிக்கக் காசில்லை. அதனால் பழைய நோட்டிலிருந்த அவர் முகத்தை மட்டும் துளைபோட்டு எடுத்துவிட்டுப் புழங்கவிட்டார்கள். ஆட்சி மாறினால் சுவரொட்டியில் முகத்தைக் கிழிக்கிற ஊரிலிருந்து போனவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அதற்குப் பிறகு பூதக்கண்ணாடி வரும். கனடா 1954-ல் போட்ட நோட்டில் எலிசபெத் ராணியின் காதோரக் கூந்தலில் ஒரு பிசாசு முகம் தெரிகிறது என்று புகார் கிளம்பி, அந்த இடத்தைக் கறுப்படித்துத் திருத்தினார்கள். திருத்துவதற்கு முந்தைய நோட்டு இவரிடம் இருக்கிறது. "தெரியுதா? இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. மூக்கு... மூக்கு தெரியுதா?" எல்லாரும் கடைசியில் "தெரியுது" என்றுதான் சொல்கிறார்கள். ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே.

தமிழ்ப் பக்கம் மட்டும் பூஜை அறைக்குச் சமானம். இந்திய நோட்டின் பின்பக்கத்துப் பதினைந்து மொழிப் பட்டியலில் தமிழ் எத்தனையாவது வரி என்று கேட்பார் (பதின்மூன்று). சிங்கப்பூர் நோட்டில் 'சிங்கப்பூர்' என்று தமிழில் இருப்பதைக் காட்டுவார். இலங்கை நோட்டைக் காட்டுவார். மொரிஷியஸுக்கு வந்ததும் நிமிர்ந்து உட்காருவார். 1998-ல் அங்கே வந்த புது நோட்டுகளில் தமிழை வழக்கமான இரண்டாவது இடத்திலிருந்து மூன்றாவதற்கு இறக்கிவிட்டார்கள். அங்குள்ள தமிழர்கள் விடவில்லை. அடித்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, வரிசையைச் சரிசெய்து, அடுத்த வருஷம் புதிதாக அடித்தார்கள். "ரெண்டு வரிசையும் என்கிட்ட இருக்கு" என்று பக்கத்தைத் தட்டுவார். போராட்டத்துக்கு அவரே தலைமை தாங்கினார் என்றுதான் நமக்குத் தோன்றும்.

இவ்வளவு உலகம் பார்த்தவரை உள்ளூரில் அழவைத்தது ஒரு சின்னக் கம்பிதான். நம் வங்கிகள் பல காலமாக நோட்டுக் கட்டுகளைக் கம்பியால் தைத்தே பழகியிருந்தன. கட்டைப் பிரிக்காத புத்தம்புது நோட்டுக்கும் ஓரத்தில் இரண்டு ஓட்டை நிச்சயம் இருந்தது. பின் அடிக்காதீர்கள் என்று 2001-ல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. தீபாவளியைவிட அவருக்கு அது பெரிய நாள். சலவை நோட்டு கிடைத்தால் மடிக்காமல், விரல் படாமல், இடுக்கியால் பிடித்து உறைக்குள் இறக்குவார். நடுவில் ஒரே ஒரு மடிப்பு விழுந்தாலும் விலை இறங்கிவிடும். இஸ்திரி போட்டு மடிப்பை நீக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால், அந்த வீட்டுப் பக்கம் பிறகு தலைவைத்துப் படுக்க மாட்டார்.

ஒரு நாள் ஒரே இலக்கம் ஆறு தரம் வந்த இருபது ரூபாய் ஒன்று, மேசைமேல் இருந்த பால் பாக்கியோடு சேர்ந்து பால்காரரிடம் போய்விட்டது. மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று தெரு ஓடினார். "இருபது ரூபா கூடக் கொடுத்துட்டாங்களா சார்?" என்று பால்காரர் கேட்டார். "இல்ல, சரியாத்தான் கொடுத்தாங்க. இந்தா நூறு. அந்த இருபதைக் கொடு!" அன்றிலிருந்து பால்காரர் அவர் வீட்டில் வாங்கும் ஒவ்வொரு நோட்டையும் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறார்.

2016 நவம்பர் 8 ராத்திரி, ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றதும் தேசமே தலையில் இடி விழுந்து நின்றது. அவர் மட்டும் பரணிலிருந்து புது ஆல்பம் இறக்கினார். இரண்டு நாள் கழித்து ஊரெல்லாம் வங்கி வாசலில் வரிசையில் நின்று நோட்டைத் தள்ளிவிடத் துடித்தது. இவர் அதே வரிசையில் தலைகீழ்க் காரியமாக நின்றார்: எந்த கவர்னர் கையெழுத்து, எந்த வருஷம் என்று முன்னாலும் பின்னாலும் நிற்பவர்களிடம் வாங்கிப் பார்த்தார். வருமான வரி ஆள் என்று நினைத்து இரண்டு பேர் வரிசையை விட்டே போய்விட்டார்கள். 2017-ல் சட்டம் வந்தது. பழைய ஐந்நூறும் ஆயிரமும் பத்துக்கு மேல் வைத்திருந்தால் அபராதம்; ஆய்வுக்கும் சேகரிப்புக்கும் மட்டும் இருபத்தைந்து வரை வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்குப் பத்து, தனக்கு இருபத்தைந்து. இந்தியப் பாராளுமன்றம் தன்னைத் தனியாக நினைத்துப் பார்த்து ஒரு சலுகை கொடுத்திருக்கிறது என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்.

ஒரே ஒரு குறை உண்டு. 1954 முதல் வந்த பழைய ஆயிரம் ரூபாயில் தஞ்சைப் பெரிய கோயில் இருந்தது. 1978 ஜனவரியில் அதைச் செல்லாது என்று அறிவித்தார்கள். அப்போது அதை வைத்திருந்தவர்கள் மாற்றிக்கொண்டார்கள், இல்லை அடுப்பில் போட்டார்கள். மிஞ்சியதற்கு இன்று சந்தையில் சொல்லும் விலை அவர் பென்ஷனுக்கு எட்டாது. கோயிலையே நேரில் பார்த்தாகிவிட்டதே என்று ஆறுதல் சொன்னால், "கோயிலைச் சட்டைப் பையில வைக்க முடியுமா?" என்கிறார்.

நாம் பணத்தை எண்ணுகிறோம், பூட்டுகிறோம், கடன் கேட்க வருவாரோ என்று மச்சினனைக் கண்டு ஒளிகிறோம். கோடி கோடி வைத்துக்கொண்டு கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறவர் இவர் ஒருவர்தான். பணத்தால் யாருக்கும் கெடுதல் செய்யாத பணக்காரர் என்று ஊரில் யாரையாவது கைகாட்ட வேண்டுமென்றால் இவரைத்தான் காட்ட வேண்டும். அந்தக் கல்யாண வீட்டு மொய்க் கணக்கைத் தவிர.

ஆகவே வெளியூர், வெளிநாடு போய்வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விமான நிலையத்தில் மாற்ற முடியாமல் மிஞ்சுகிற சின்ன நோட்டைச் சாக்லேட்டாக்கிவிடாதீர்கள். ஒரு புத்தகத்துக்குள் தட்டையாக வைத்துக் கொண்டுவந்து, உங்கள் ஊரில் இப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார், அவரிடம் கொடுங்கள். மடிக்க வேண்டாம். முக்கியமாக, பின் அடிக்க வேண்டாம்.